செக்யூரிட்டி அறையிலிருந்து வந்த அழைப்பு

2022 நவம்பர் 9, புதன்கிழமை, மாலை நாலு முப்பத்தைந்து. காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. காற்று இல்லை, வெயிலும் இல்லை. கிளினிக் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். கூடத்தில் ஏழு பேர், நாலு நாய், ஒரு பூனை. மழை நாளிலும் இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

அப்போது மூன்று பெண்கள் ஒரு பெட்ஷீட்டின் முனைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நடுவில் ஒரு நாய். நாலு நாளைக்கு முன் நான் கருப்பை எடுத்த நாய். கழுத்தில் நான் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு அப்படியே இருந்தது. வயிற்றில் நான் போட்ட தையல் பிரிந்திருந்தது.

உங்களில் பலர் இந்தத் தொழிற்சாலை வட்டாரத்துக்கு இப்போதுதான் வந்து கிளினிக் திறந்திருக்கிறீர்கள். எப்படி அறுப்பது, எப்படித் தைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே படித்திருக்கிறீர்கள். தைத்த பிறகு வரும் சண்டையைப் பற்றி யாரும் பாடம் எடுப்பதில்லை. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரகடம் பக்கம் பதினொரு வருடம் தனியாக கிளினிக் நடத்தினேன். அறுவைக்குப் பின் சண்டை என்று வந்தவை நாற்பத்தாறு. அவற்றில் சிலவற்றில் தப்பு என்னுடையது, சிலவற்றில் வளர்ப்பவர்களுடையது, பெரும்பாலும் இருவருடையதும். அதற்கெல்லாம் வருத்தம் உண்டு. தலை குனிய வைப்பது இந்த ஒன்றுதான்.

அந்த மூன்று பெண்களும் வடக்குப்பட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். மூத்தவள் பூங்கொடி, காஞ்சிபுரம் பக்கம். ரெஜினா, மதுராந்தகம் பக்கம். இளையவள் கௌசல்யா, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மூவரும் கம்பெனி வேலை, ஆளுக்கொரு ஷிப்ட். ஒருத்தி கிளம்பும்போது இன்னொருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள், மூன்றாமவள் பஸ்ஸில் இருப்பாள். அன்று நாய்க்காக ரெஜினா லீவு போட்டிருந்தாள்.

நாயின் பெயர் பொங்கல். கேன்டீன் பொங்கலைத் தின்று வளர்ந்ததாம், நிறமும் அதேதான். கம்பெனி பஸ் இவர்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து அறைக்குப் பத்து நிமிட நடை, இரண்டு பக்கமும் விளக்கில்லாத காலி மனைகள். எந்த ஷிப்ட் விட்டு யார் வந்தாலும் பொங்கல் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்து கூட நடந்து வரும். குட்டி போட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று வீட்டுக்காரம்மா சொன்னதால், மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அதை என்னிடம் கொண்டுவந்திருந்தார்கள். சனிக்கிழமை அறுவை செய்து அனுப்பினேன். அனுப்பும்போது ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னேன்: காலை பத்து மணிக்கு முன்னால் யாரும் எனக்குப் போன் செய்யக் கூடாது.

புதன்கிழமைக்கு வருகிறேன். பெட்ஷீட்டைத் தரையில் இறக்கிவிட்டு பூங்கொடிதான் முதலில் பேசினாள்.

"இன்னா சார் இது? நாலு நாள்தான் ஆவுது. தையல் மொத்தமா பிச்சிக்கினு கீது."

"ஓட விட்டீங்களா? எங்கேயாவது தாண்டிச்சா?"

"ரூமை வுட்டு வெளியவே வுடல சார். ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட கயித்தப் புடிச்சிக்கினு நாங்கதான் போறோம்."

நான் குனிந்து பார்த்தேன். மேல் தோலும் அதற்கு அடுத்த அடுக்கும் விட்டிருந்தன. குடல் வெளியே வரவில்லை. இன்னும் சில மணி நேரம் போனால் வந்திருக்கும். "மறுபடி மயக்கம் கொடுத்துத் தைக்கணும். மூவாயிரத்து இருநூறு ஆகும்" என்றேன்.

என் வாயிலிருந்து தொகை வந்ததும் கூடத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. ஒரு பொமரேனியனை மடியில் வைத்திருந்தவர், ஏதோ ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரீவொர்க்குக்கு கஸ்டமர்கிட்ட பில்லு போடுற ஒரே தொழில் உங்களுதுதான். எங்க கம்பெனியில இப்படிப் பண்ணா மறுநாள் கேட்டுலயே நிறுத்திடுவான்."

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பூனைக்காரப் பெண்மணியும் சிரித்தார். எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. ஏழு பேர் முன்னால் என் தையலை ரீவொர்க், அதாவது கெட்டுப்போனதைத் திருப்பிச் செய்கிற வேலை, என்று ஒருவர் சொன்னதைத் தாங்க முடியவில்லை. தரையில் நாய் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. நான் சிரித்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"ரீவொர்க் இல்லீங்க. வீட்டுல கவனிக்காம விட்டதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது. தையல் ஒரே நிமிஷத்துல பிரியாது. நேத்தே ஈரம் கசிஞ்சிருக்கும். நேத்தே ஒரு போன் பண்ணியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றேன், சூப்பர்வைசரைப் பார்த்து.

பதில் கீழேயிருந்து வந்தது. கௌசல்யா நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து போன் பண்ணுனேம்லா சார். பதினோரு மணி வாக்குல. ஈரமா இருக்குன்னு சொன்னேம்லா."

"எனக்கா? எங்கே, உன் போனைக் காட்டு பாப்போம்."

அதுவரை வாங்க போங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒருமைக்கு இறங்கினேன்.

"போனு கம்பெனி லாக்கர்ல கெடந்துச்சு சார். செக்யூரிட்டி ரூம்லருந்து பண்ணுனேன்."

சூப்பர்வைசர் இப்போது என் பக்கம் சேர்ந்துகொண்டார். "செக்யூரிட்டி ரூம் போனா? பதினாறு வருஷமா கம்பெனியில குப்பை கொட்டுறேன்மா. அந்த போனை எங்களுக்கே தர மாட்டான். உனக்கு எந்த செக்யூரிட்டி குடுத்தாரு? பேரைச் சொல்லு, கேட்டுடலாம்."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வேலை நேரத்தில் லைனில் இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சொந்த விஷயத்துக்காக போனைக் கொடுத்தார் என்று தெரிந்தால் அந்த ஆளின் வேலை போய்விடும். இந்த வட்டாரத்தில் யார் எந்த கம்பெனிக்காரருக்குத் தெரிந்தவர் என்று சொல்ல முடியாது. அவள் பெயரைச் சொல்லவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் சூப்பர்வைசர், வழக்கு முடிந்த மாதிரி.

அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது.

செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி தாண்டி. தெரியாத எண். பின்னால் லாரி ஹாரன், யாரோ "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தும் சத்தம். ஒரு பெண் மூச்சு விடாமல், "சார், பொங்கலுக்கு தையல்கிட்ட ஈரமா இருக்கு, நக்கல, கழுத்துல பிளாஸ்டிக் மாட்டித்தான் இருக்கு" என்றாள். எனக்கு வரிசையில் ஆட்கள். "தையல்னா லேசா ஈரம் இருக்கத்தாம்மா செய்யும். கொடுத்த பவுடரைப் போடுங்க. பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தா போதும்" என்று வைத்துவிட்டேன். ஈரம் என்ன நிறம், வாடை இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பொங்கல் என்ற பெயருள்ள நாய்க்காக முந்தின நாள்தான் வந்த போனை மறந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? முதல் கேள்வி கேட்டபோது உண்மையிலேயே மறந்துதான் இருந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டபோது மறந்திருக்கவில்லை.

"ஆமாம்மா, பண்ணினே. நான்தான் மறந்துட்டேன்." இதைச் சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். நான் சொன்னது இது:

"சரி, சரி. இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? நாயை உள்ள தூக்குங்க."

எல்லோருக்கும் நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த மாதிரி இருந்திருக்கும். பூனைக்காரப் பெண்மணி தலையை ஆட்டினார்.

உள்ளே தைத்தேன். நாற்பது நிமிடம். கூடத்துக்கும் அறுவை அறைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவுதான், சத்தம் வரும்.

"பண்ணலன்னா பண்ணலன்னு சொல்லேன்டி. எதுக்கு அத்தினி பேர் முன்னாடி பொய்யி?" இது பூங்கொடி.

"நான் பண்ணுனேங்க்கா."

"நேத்து காலைல நான் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வரேன். நீ கிளம்பிக்கினு இருக்க. போன் பண்ணிடுவியான்னு உன்னக் கேட்டேன். பண்ணிடுறேன்னு சொன்ன. உன்ன நம்பித்தான நான் படுத்தேன்?"

"செக்யூரிட்டி அண்ணன் பேரைச் சொல்ல முடியாதுக்கா. அவரு..."

"ஆமா, பேரு மறந்துபூடுச்சு."

ரெஜினா மெதுவாக, "விடுங்கக்கா, அவளும் சின்னப் பொண்ணு" என்றாள். அவளும் கௌசல்யா பக்கம் நின்று சொன்னதாகத் தெரியவில்லை. பொய்யை மன்னிக்கிறவள் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

எழுந்து கதவைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் போதும். கையில் கையுறை, கையுறையில் ரத்தம், நாய் மயக்கத்தில். அதைக் காரணமாக எடுத்துக்கொண்டேன். தைத்து முடித்து, கையுறையைக் கழற்றி, கை கழுவிய பிறகும் அந்தக் காரணத்தை விடவில்லை.

பணம் கட்டும்போது கௌசல்யா மட்டும்தான் வந்தாள். மற்ற இருவரும் நாயைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். முழுத் தொகையையும் அவளே போனில் அனுப்பினாள். மேஜையில் இருந்த பெட்டி கூடம் முழுக்கக் கேட்கும்படி மூவாயிரத்து இருநூறு ரூபாய் வந்துவிட்டது என்று அறிவித்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேள்வியோ கோபமோ இல்லை. நினைவு வருகிறதா என்று பார்த்தாள், அவ்வளவுதான். நான் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து மாத்திரை. மூன்று தடவை எண்ணினேன்.

தையல் ஏன் விட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போட்ட முடிச்சு தளர்ந்திருக்கலாம். மழைக்காலத்துக் கிருமியாக இருக்கலாம். கம்பெனி பஸ் ஹாரன் கேட்டு நாய் எம்பியிருக்கலாம். உங்களுக்கும் தையல் விடும். அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், மறுபடி தைத்துவிடலாம். நான் சொல்வது வேறு. ஒருவர் "போன் செய்தேன்" என்றால், உடனே நம்புங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். எத்தனை மணிக்குப் பண்ணீங்க, என்ன சொன்னீங்க, நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். உண்மையாகப் பேசியவர் உங்கள் வார்த்தையை உங்களுக்கே திருப்பிச் சொல்வார். அவளைக் கேட்டிருந்தால் பவுடர் என்று சொல்லியிருப்பாள். போனைக் காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே எட்டு மணி நேரம் எல்லோருடைய போனும் பூட்டுக்குள் இருக்கிறது. அந்த எட்டு மணி நேரத்தில் நாய் நோய்ப்படாமல் இருப்பதில்லை. எனக்கு இது அப்போதே நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

பத்தாம் நாள், நவம்பர் 19, சனிக்கிழமை, தையல் பிரிக்க பொங்கலைக் கொண்டுவந்தார்கள். காயம் நன்றாக ஆறியிருந்தது. வாலை ஆட்டி என் கையை நக்கியது. வந்தது பூங்கொடியும் ரெஜினாவும் மட்டும்.

"இன்னொரு பொண்ணு வரலியா?"

"அவ ரூமை மாத்திக்கினா சார்" என்றாள் பூங்கொடி, நாயைப் பார்த்தபடி. "சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்கிட்ட. யாரும் போவச் சொல்லல. பேச்சுவார்த்தை இல்லாம ஒரே ரூம்ல எத்தினி நாள் குந்திக்கினு இருப்பா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். கூடத்தில் அன்று வேறு இரண்டு பேர்தான். இரண்டு பேராக இருந்ததால்தான் சொல்ல முடிந்ததோ என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சும்மா. எங்கிட்டதான் பேசுச்சு. பவுடர் போடச் சொல்லி நான்தான் வெச்சுட்டேன்."

ரெஜினாவின் கை நாயின் முதுகில் அப்படியே நின்றது.

"எப்ப ஞாபகம் வந்துச்சு?" என்று பூங்கொடி கேட்டாள்.

"அன்னைக்கே."

"அன்னைக்கேன்னா? நாங்க இங்க இருக்கும்போதேவா?"

"ஆமாம்."

"இன்னா சார் மனுஷன் நீ?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை நீங்கள் என்று சொல்லவே இல்லை. "நான் அந்தப் பொண்ணை இன்னான்னு பேசினேன் தெரியுமா? அதுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட நான்தான் கஞ்சி வெச்சுக் குடுப்பேன். அதைப் போய் பொய் சொல்லின்னேன். நீ உள்ள கேட்டுக்கினுதான இருந்த?"

"நீங்க அதுகிட்டச் சொல்லுங்கம்மா. நான் மன்னிப்புக் கேட்டேன்னு."

"நான் என் பங்குக்கு அவ கால்ல வுழணும். உன் பங்குக்கும் நானே வுழணுமா? நீ போய்ச் சொல்லு. திங்கக்கெழமைலருந்து அவளுக்கு செகண்ட் ஷிப்ட். ஒரு மணிக்கு ஸ்டேஷன்கிட்ட கம்பெனி பஸ் ஏறுவா."

தையல் பிரித்ததற்குக் காசு வேண்டாம் என்றேன். ரெஜினா நூறு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் போனேன். பன்னிரண்டரைக்கே போய்ச் சேர்ந்தேன். இரண்டு அறுவைக்கும் வாங்கிய பணம், முதலாவது ஐயாயிரத்து ஐநூறு, இரண்டாவது மூவாயிரத்து இருநூறு, மொத்தமாக ஒரு கவரில் இருந்தது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வயதானவன், மறதி, வேலைப் பளு. எல்லாம் நல்ல வார்த்தைகள்.

அவள் சீருடையில் தோழி ஒருத்தியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"பொங்கலுக்கு என்ன சார்?" என்றாள் பதறி.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா ஆறிடுச்சு. சனிக்கிழமை தையல் பிரிச்சாச்சு."

மூச்சு விட்டாள். தோழியைத் தள்ளிப் போகச் சொன்னாள். நான் ஒத்திகை பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன். வயதானவன் என்பது வரை வந்தேன்.

"பூங்கொடி அக்கா போன்ல சொல்லிட்டாவ" என்று என்னை நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். நான் பொய் சொல்லுதேன்னு அத்தன பேரும் சிரிச்சாவள்லா. அப்பமே ஒங்களுக்குத் தெரியுமா? இல்ல, வீட்டுக்குப் போய்த்தான் ஞாபகம் வந்துச்சா?"

அவள் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டிருந்தாள். வீட்டுக்குப் போய்த்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன், நம்பத்தான் விரும்பினாள்.

"அப்பவே தெரியும்மா."

தலையை ஆட்டினாள். அழவில்லை, திட்டவில்லை. "எங்க ஊர்ல டாக்டர்னா எங்கம்மா எந்திரிச்சு நிப்பா" என்று மட்டும் சொன்னாள்.

கவரை நீட்டினேன். வாங்கி, அங்கேயே நின்று எண்ணினாள். மூவாயிரத்து இருநூறைத் தனியாக எடுத்தாள். இன்னும் ஓர் ஆயிரத்தை எடுத்தாள்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். கணக்குப் பார்ப்பவனுக்கு வாய் நிற்காது.

"டீ டைம் முடிஞ்சு ஆறு நிமிசம் லேட்டா லைனுக்குப் போனேன் சார், ஒங்களுக்கு போன் பண்ணிட்டு. இந்த மாசம் அட்டெண்டன்ஸ் போனஸ் கெடையாதுன்னுட்டாவ." மீதியை கவரோடு என் கையில் வைத்தாள். "மொத ஆபரேசன் நீங்க பண்ணுனீய. அந்தக் காசு ஒங்களுது."

"பழைய ரூமுக்குத் திரும்பிப் போயிடும்மா. அவங்க ரெண்டு பேரும்..."

"அது எங்க விசயம் சார்."

பஸ் வந்தது. ஏறும்போது தோழி, "யாருடி அது, உங்க தாத்தாவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"இல்ல. நாய் டாக்டரு" என்றாள் கௌசல்யா. பஸ் கிளம்பியது. அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

அவள் திரும்பிப் போனாளா என்று எனக்குத் தெரியாது. அந்த மூவரில் ஒருவரும் அதன்பின் என் கிளினிக்குக்கு வரவில்லை, பொங்கலும் வரவில்லை. செலவைச் சொல்லிவிடுகிறேன். அவள் எடுத்துக்கொண்டது நாலாயிரத்து இருநூறு. ஷேர் ஆட்டோ போக முப்பது, வர முப்பது. ஆக மொத்தம் நாலாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.